பாகம் 147

படிவத்தில் பதினொரு கோடுகள்.
தலைவர், செயலாளர், பொருளாளர்,
துணை, இணை என்று படியிறங்கிப் போய்
கடைசியில் செயற்குழு உறுப்பினர் நால்வர்.
மாவட்டம் அனுப்பிய ஜெராக்ஸ்.
மை வெளுத்து, கட்சிப் பேரில்
ஒரு துணைக்காலைக் காணோம்.

செவ்வாய்ப்பேட்டையில்
அர்த்தனாரியின் கொலுசுப் பட்டறை மாடி.
எட்டு மணிக்கு ஊதுகுழாய் அணைந்ததும்
பாய் விரித்துக்கொள்ளலாம்.
மின்விசிறி மட்டும் கூடாது:
தூசி பறக்கும்,
தூசியில் வெள்ளி இருக்கிறது.

வந்தது ஏழு பேர்.
அதில் இரண்டு பேருக்குள் பேச்சு இல்லை
(போன மாநாட்டு வேன் வாடகை,
ஆயிரத்து நானூறு, இன்னும் தீரவில்லை).
இருசப்பனுக்குத் தலைவர் பதவி வேண்டாமாம்,
தலைவர் என்றால் டீச்செலவு.
ஷுக்கூர் பாய் பொருளாளராகச் சம்மதித்தார்,
பொருள் எதுவும் இல்லை என்ற உறுதியின் பேரில்.
மகளிர் அணிக்கு ஜம்புலிங்கம்
தன் மனைவி பெயரைச் சொன்னான்.
"அவங்களக் கேட்டியா?"
"கேட்டா வேண்டாம்னுருவா."
அதை நான் எழுதவில்லை.
நான் செயலாளர்.
என் கையெழுத்து மற்றவர்களுக்குப் புரியும்,
அவ்வளவுதான் தகுதி.

எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான எண் ஒன்று உண்டு.
பாகம் நூற்று நாற்பத்தேழில்
போன தேர்தலில் எங்களுக்கு விழுந்தது
பத்தொன்பது.
நாங்கள் ஏழு. வீட்டாரைச் சேர்த்தால்,
பொய் சொல்லாத வீட்டாரை மட்டும்,
பன்னிரண்டு.
மிச்சம் ஏழு பேர் யார்?

மூன்று வருடமாக இந்தத் தெருக்களில்
நான் அப்படித்தான் நடக்கிறேன்.
ரேஷன் வரிசையின் பின்கழுத்துகளைப் பார்த்து,
மூட்டை இறக்குபவர் நிமிரக் காத்திருந்து,
நீயா, நீங்களா என்று.
பால் பூத் அம்மாள் ஒரு காலையில்
ஒரு ரூபாய் கூடுதலாகச் சில்லறை கொடுத்தாள்;
அன்று இரவுவரை அவள்தான் என்று நம்பினேன்.
மறுநாள் திருப்பிக் கேட்டாள்.

ஒன்பதரைக்குத் தட்டுவடை செட் வந்தது.
கீழே வண்டி போட்டிருக்கும் பையன்
பீட்ரூட் துருவல் சிந்தாமல்
ஏழு தட்டைச் சுமந்து மாடியேறி
வைத்துவிட்டுப் படிவத்தை எட்டிப் பார்த்தான்.
"இஸ்திரிப்பெட்டிக் கட்சிதானே?
நான் அதுக்குத்தானே குத்துனேன்."

ஏழு வாயிலும் நொறுங்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.
பேச்சு இல்லாத இருவரும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
நான் பேனாவை நீட்டினேன்.
எட்டாவது கோடு.

"அய்ய, ஓட்டு வேறங்க, கையெழுத்து வேற.
என் வண்டி எல்லாக் கட்சி வாசல்லயும் நிக்குது."
தட்டுகளை அடுக்கியபடியே சொன்னான்:
"எங்கண்ணன் இஸ்திரி வண்டி வெச்சிருக்கான்.
படத்தப் பாத்தேன், அவன் நெனப்பு வந்துச்சு.
அடுத்த வாட்டியும் அதுதானே?"

யாரும் வாய் திறக்கவில்லை.
எங்களுக்குச் சொந்தச் சின்னம் கிடையாது.
இஸ்திரிப்பெட்டிக்கு முன்னால் அலாரம் கடிகாரம்,
அதற்கும் முன்னால் வாளி.
வருகிற முறை எதைத் தருகிறார்களோ
அதற்கும் ஓர் அண்ணன் வேண்டும்.

"அதேதான் தம்பி" என்றார் ஷுக்கூர் பாய்.
பொருளாளரான பின்
அவர் செய்த முதல் செலவு.

தீர்மானம் ஒன்று: சாக்கடைக்கு மூடி.
தீர்மானம் இரண்டு: வேன் வாடகையை
அடுத்த கூட்டத்தில் பேசுவது.
ஏழு கையெழுத்து, நாலு வெறுங்கோடு.
எழுந்ததும் எல்லோரையும்
வேட்டி உதறச் சொன்னான் அர்த்தனாரி.
நாங்கள் செருப்பைத் தேடும்போது
உட்கார்ந்த இடத்தைப் பிரஷ்ஷால் கூட்டி
தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான்.

படியில் இருசப்பன் மெதுவாகக் கேட்டான்:
"அந்தப் பையனைக் கணக்குல சேத்துக்கலாமா?"
சேர்த்தேன்.
இன்னும் ஆறு.
அவனுடைய அண்ணன் எந்தப் பாகம் என்று
நாளைக்கு விசாரிக்க வேண்டும்.